பெரட்டுக்கு வந்த தலை

கழுத்துக்குக் கீழே எதுவும் வேலை செய்யாமல் ஒரு தலை மட்டும் உயிரோடு இருக்க முடியுமா? எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு காலத்தில் இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது பேசினார்கள். கோயிலடியில் பேசினார்கள். புசல்லாவைக்குச் சாமான் வாங்கப் போனவர்கள் பஸ்ஸுக்குள்ளும் அதையே பேசிக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் தாங்காது என்றார் பூசாரி. அப்படிச் சொன்னவர்களில் பலர் அந்தத் தலைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பூசாரியும்தான்.

அந்தத் தலை மூக்காயி அக்காவுடையது. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் எனக்கு அடுத்த அறை, எங்கள் பேச்சில் காம்பரா, அவருடையது. நடுவில் இருந்த சுவர் கூரை வரை எட்டாது. ஆகவே அக்காவின் வாயைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கொழுந்து நிறுக்கும்போது கொஞ்சம் குறைத்துப் போட்டாலும் எதிர்மலைக்குக் கேட்கிற மாதிரி ஏசுவார். தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்ப இலங்கையும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போகப் பெயர் வந்ததும் அவருடைய புருசன் பெட்டியைக் கட்டினார். "நான் பொறந்தது இங்க. நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார் அக்கா. அவர் போனார், திரும்பி வரவில்லை. அதன்பிறகு காம்பராவில் அக்காவும் தங்கை சுப்பம்மாவும் மட்டும். சுப்பம்மா இழுப்பு நோய்க்காரி. மலை ஏற முடியாது என்று தோட்டத்தில் எப்போதோ அவருடைய பேரை வெட்டிவிட்டார்கள். உழைத்தது அக்கா ஒருவர்தான்.

கொழுந்துக் கூடை முதுகில் தொங்கும். அதன் கயிறு தலையில் இருக்கும். பாரம் முழுவதையும் தாங்குவது உச்சந்தலைதான். மழை விட்ட ஒரு காலையில், கூடை நிறைந்திருந்த நேரம், அக்கா மழைத் தண்ணீர் ஓடும் கானைத் தாண்டிக் கால் வைத்தார். கால் வழுக்கியது. கூடை இரண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. உடம்பு கீழே போக, கயிறு தலையைப் பின்னுக்கு இழுத்தது.

கண்டி ஆஸ்பத்திரியில் எங்களிடம் பேசியவர் யாழ்ப்பாணத்து டாக்டர், நல்ல மனிதர். "பொய் சொல்லி அனுப்ப எனக்கு விருப்பமில்லை. கழுத்துக்குக் கீழ இனி ஒண்டும் வேலை செய்யாது. தலை மட்டுந்தான். கவனமாப் பாத்தியள் எண்டால் இருப்பா" என்றார்.

சில மாதம் கழித்துத் தோட்டத்து லொறியில் அக்காவைக் கொண்டுவந்தோம். இறக்கும்போது லயத்துப் பையன் சின்னமுத்து கைதவறவிட்டு அவர் காலைக் கல்லில் இடித்துவிட்டான். "பரவாயில்ல, வலிக்கவா போகுது" என்று வேறு சொன்னான். பலகையில் கிடந்த அக்கா கண்ணைத் திறந்தார்.

"வலிக்காதுன்னா ஒடைச்சிருவியா? அது என் காலுடா!"

அன்று லயமே வாசலில் கூடியிருந்தது. தலை மட்டும் இருக்குமா என்று யாரோ முணுமுணுத்தது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. "யாருடி அது? உடம்பு எங்க போச்சு? இந்தா கெடக்குதே. சொல்பேச்சு கேக்கல, அவ்வளவுதான். உன் புருசன்கூடத்தான் உன் பேச்சக் கேக்கிறதில்ல. அதுக்காக அவன் இல்லேன்னு சொல்லிருவியா?" என்றார். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது.

அவர் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. எறும்புச் சாரி ஒன்று அவர் பாதத்தின் மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். சுப்பம்மா ஓடிவந்து தட்டிவிட்டபோதுதான் அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "கடிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியுது, காலுக்குத் தெரியல" என்றார். எனக்கு அன்று யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை.

அடிக்க வேண்டிய ஆள் கொஞ்ச நாளில் தெரிந்தது. வேலைக்கு ஆள் வராத காம்பராவைத் தோட்டம் திருப்பி எடுத்துக்கொள்ளும், அதுதான் சட்டம். தோட்டத்தை நடத்தும் தொரை அனுப்பியதாகக் கணக்கப்பிள்ளை பொன்னையா வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசினார்.

"மூக்காயி, மாசக் கடைசியில காம்பராவ விடணுமாம். ஒன்னய டவுன்ல ஏதோ ஆச்சிரமத்துல சேத்துக்குவாங்களாம்."

"சுப்பம்மாவ?"

 சுப்பம்மாவுக்குப் போக இடம் எதுவும் இல்லை என்று பொன்னையாவுக்கும் தெரியும். அக்காவுக்குச் சோறு ஊட்டுவதும், புரட்டிப் படுக்க வைப்பதும், துடைப்பதும் சுப்பம்மாதான். அந்த இருவரையும் பிரித்தால் இரண்டு பேருமே மிஞ்ச மாட்டார்கள்.

"என் பேர வெட்டிட்டாங்களா ஐயா?" என்று கேட்டார் அக்கா.

"இன்னும் இல்ல."

"அப்ப நாளைக்குப் பெரட்டுக்கு வர்றேன்."

பெரட்டு என்பது காலையில் எல்லாரும் களத்தில் கூடுவது. பேர் கூப்பிட்டு, இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்து அனுப்புவார்கள். மறுநாள் விடிந்ததும் அக்காவைப் பலகையோடு தூக்கினோம். நானும் சின்னமுத்துவும் இன்னும் இரண்டு பேரும். சுப்பம்மா மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் வந்தார். கம்பளியால் கழுத்து வரை போர்த்தியிருந்ததால், வெளியே தெரிந்தது தலை மட்டும்தான். அதிலும் அக்கா விடவில்லை: கயிறு வைக்கும் இடத்தில் துணியை மடித்துக் கட்டச் சொல்லியிருந்தார், வேலைக்குப் போகிற பெண் மாதிரி.

பொன்னையா பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, அக்காவின் பேரைத் தாண்டிப் போனார்.

"ஐயா, ஒரு பேர விட்டுட்டீங்க" என்றது தலை.

களம் சிரித்தது. பொன்னையா கூப்பிடவில்லை. அடுத்த நாளும் போனோம், அதற்கடுத்த நாளும் போனோம். மழையிலும் போனோம், சுப்பம்மா அக்காவின் முகத்துக்கு மேலே சேம்பிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதல் நாள் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை. ஒரு காலை பொன்னையா வழக்கம்போல் பேரைத் தாண்டினார். கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒருத்தியும் மலைக்கு ஏறவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கூடையைத் தரையில் வைத்துவிட்டு நின்றார்கள்.

தொரையின் ஜீப் வந்தது. ஓட்டியவர் இறங்கிப் போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"என்ன இது?" என்றார் தொரை.

"பேரு மூக்காயி. வேலைக்கு வந்திருக்கேன்."

"வேலையா? வெறும் தலையை வைச்சு நீ என்ன வேலை செய்வே?"

"கூடைக் கயித்த நாங்க எங்க தொரை போடுறோம்? கையிலயா? பன்னண்டு வயசுல இருந்து ஒங்க கொழுந்தச் சொமந்தது இந்தத் தலைதான். கழுத்து ஒடைஞ்சதும் அந்தக் கயித்தாலதான்."

"அதெல்லாம் சரி. வேலை செய்யாத ஆளுக்குக் காம்பரா கொடுக்கச் சட்டம் இல்லை."

 அக்கா குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"நீங்க என்ன வேலை செய்யிறீங்க, தொரை?"

தொரையின் பதிலுக்குக் காத்திராமல் அக்காவே தொடர்ந்தார்.

"கொழுந்து எடுக்கிறீங்களா? செடியக் கவ்வாத்து வெட்டுறீங்களா? ஒங்கள ஜீப்பு தூக்கிட்டு வருது, என்னய இந்தப் பசங்க தூக்கிட்டு வர்றாங்க. ஒங்க கால்ல இருக்கிற சப்பாத்த ஒருத்தர் கழட்டி விடுறாரு, என் காலத் தங்கச்சி தொடைச்சு விடுறா. நீங்க பாக்குறீங்க, வாயால சொல்றீங்க. தப்புன்னு சொல்லல. அது தலை வேலை. தோட்டத்துக்கு அதுவும் வேணும். அதுக்குத்தான் ஒங்களுக்குப் பங்களா. என் தலைக்கு ஒரு காம்பரா போதும்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் களம் முழுக்கச் சிரித்தது. தொரையின் முகம் சிவந்தது. ஏசப் போகிறார் என்று நினைத்தேன். பலகையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போகவும் தயாராக இருந்தேன். அவர் தரையில் கிடந்த கூடைகளைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். அன்று எடுக்காவிட்டால் முற்றிப்போகிற கொழுந்து அவருக்குத் தெரிந்திருக்கும்.

"எந்த வேலைக்குப் போடுவது?" என்றார், பொன்னையாவைப் பார்த்து.

பொன்னையா வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னார். "புள்ளைக் காம்பராவுல போடுங்க. அங்க தாய்மாரு விட்டுட்டுப் போற புள்ளைங்களப் பாக்குறவளுக்கு ரெண்டு கையும் இருக்கு, ஆனா தூங்கிடுறா. நான் முழிச்சிருப்பேன். என் சத்தத்துக்குப் புள்ளைங்க அடங்குவாங்க, அவ எந்திரிப்பா."

தொரை ஜீப்பில் ஏறினார். கதவைச் சாத்தும் முன்பு, "பேரைக் கூப்பிடு" என்றார்.

"மூக்காயி!"

"இருக்கேன்!"

அந்தச் சத்தம் எதிர்மலைக்குக் கேட்டிருக்கும். பொன்னையாவின் பென்சில் அசைந்தது. சுப்பம்மா அழுதார், நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினார்கள்.

நாங்கள் சந்தோசத்தில் பலகையை ஓட்டமும் நடையுமாகப் புள்ளைக் காம்பராவுக்குத் தூக்கிப் போனோம். கால் பக்கம் பிடித்திருந்தவன் நான். வாசலில் திரும்பும்போது அக்காவின் பாதம் கதவு நிலையில் இடித்தது.

"டேய் லெட்சுமணா!" என்று போட்டார் ஒரு சத்தம். உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டு எழுந்தாள். "பாத்துத் தூக்குடா. வேலைக்குப் போற காலு அது."