கீழ் வீட்டில் சாப்பிட்ட அண்ணன்

சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு என் அண்ணன் கீழ் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தது இன்றைக்கும் என் கண்முன் நிற்கிறது. அவருக்கு இடமும் வலமும் அதே மாதிரி சந்தன மொட்டைகள். யார் வீட்டு விருந்தாளி யார் என்று பெற்றவளால்கூடச் சொல்ல முடியாது. மாடிப்படியில் நின்று பார்த்த எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைக் கரூருக்குத் திரும்ப அழைத்துப்போக வந்த மனுஷன், நான் மாடியில் இலை போட்டுக் காத்திருக்க, யார் வீட்டிலோ சாப்பிடுகிறாரே என்று.

திருப்பதிக்கு நாங்கள் குடிவந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கணவருக்கு ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை. விடியுமுன் கம்பெனி பஸ் வந்து அவரை அள்ளிக்கொண்டு போகும். இருட்டிய பிறகுதான் கொண்டுவந்து விடும். நடுவில் நானும் நாலு சுவரும். சனிக்கிழமை வந்தால் மட்டும் வீடு சத்திரம் ஆகிவிடும். பெரியம்மாவின் சம்பந்தி, கணவரின் பழைய ஆபீஸ் நண்பர், அவருடைய மச்சான் குடும்பம் என்று பையும் பெட்டியுமாக வந்து இறங்குவார்கள். குளிப்பார்கள், மலைக்குப் போவார்கள், மொட்டையும் லட்டுமாகத் திரும்பிவந்து சாப்பிட்டு ரயிலேறுவார்கள். "உனக்கென்னம்மா, பெருமாள் காலடியிலயே இருக்கே" என்பார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வராது. அவர்களுக்கு நான் வெந்நீர் போடும் ஆள், அவ்வளவுதான். ஒருநாள் தாங்கமுடியாமல் அண்ணனுக்குப் போன் போட்டு, வந்து கூட்டிக்கொண்டு போ என்று அழுதேன். கணவர், "கொஞ்ச நாள் இருந்துட்டு வா" என்றார். கொஞ்ச நாளா, ஒரேயடியாகவா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அண்ணன் வந்தார். வந்தவர், "வந்தது வந்தேன், ஒரு மொட்டை போட்டுட்டு வந்துடறேன்" என்று மலைக்குப் போய்விட்டார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று கீழ் வீட்டிலும் விருந்தாளிக் கூட்டம். மலையிலிருந்து திரும்பிய அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்ற, கீழ் வீட்டு அக்கா அவரைத் தன் நாத்தனார் வீட்டு ஆள் என்று நினைத்து, "வாங்கண்ணா, கை கழுவிக்கினு குந்துங்க, சோறு சூடா கீது" என்று இலை முன்னால் உட்காரவைத்துவிட்டாள். எனக்கு ஒத்தாசைக்கு வந்தவள் போலிருக்கிறது என்று எண்ணி அண்ணனும் உட்கார்ந்துவிட்டார். நான் இறங்கிப்போய் விஷயத்தைச் சொன்னதும் அக்கா இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "உங்கண்ணனா? மொட்டை போட்டா எல்லாம் ஒண்ணாத்தான் கீறாங்க." காய்கறி வண்டிக்காரரிடம் அவள் தெலுங்கில் பேரம் பேசித்தான் கேட்டிருக்கிறேன். பரம்பரையாக நகரி பக்கத்துத் தமிழ்க் குடும்பம் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அண்ணன் சும்மா இராமல், "நாளைக்குத் தங்கச்சியக் கூட்டிட்டுக் கிளம்பறேங்க. இங்க இவளுக்குப் பேசக்கூட ஆள் இல்லை" என்றார். அக்காவின் கையில் ரசக் கரண்டி அப்படியே நின்றது.

"ஆள் இல்லியா? சனி ஆனா உங்க வூட்ல ஜனம் வந்துக்கினே கீது. நெறைய சொந்தம் உள்ள பொண்ணு, நாம இன்னாத்துக்கு நடுவுலன்னுதானே நான் மேல வர்ல" என்றாள் என்னிடம்.

அவளைப் பற்றி நானும் இதையேதான் நினைத்திருந்தேன். அத்தனை பேருக்கு முன்னால் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்கா என்னைச் சமையற்கட்டுக்குள் இழுத்துக்கொண்டுபோய், முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். "என் வூட்டு ஜனம் மட்டும் என்னப் பாக்கவா வருது? எல்லாம் மலைக்கு வர்றதுதான். போறதுன்னா போ. ஆனா செவ்வாக்கெழம வரிக்கும் இருந்துட்டுப் போயேன். செவ்வாய்ல எங்க ஜனம் மொட்டை போடாது, வூடு காலியா இருக்கும். ஒக்காந்து பேசலாம்."

மறுநாள் அண்ணன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தனியாக ஊர் திரும்பினார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போய்க் கீரை வாங்கினோம், வளையல் பார்த்தோம், ஒரு வருஷப் பேச்சைப் பேசித் தீர்த்தோம். பிறகு எல்லாச் செவ்வாயும் அப்படியே ஆயிற்று. சனிக்கிழமைகளில் அவள் வீட்டுப் பாய் மேலே வரும், என் வீட்டு அண்டா கீழே போகும். நான் வாய்திறக்கத் தயங்கும் விருந்தாளிகளை அவள் சுலபமாக வேலைவாங்குவாள். "காப்பி குடிச்ச டம்ளரக் கழுவி வச்சிட்டுப் போங்க, பெருமாள் நல்லாப் பாப்பாரு" என்பாள். தெருவில் எல்லோரிடமும் என்னை 'மன அம்மாயி' என்றுதான் அறிமுகப்படுத்தினாள். நம்ம வீட்டுப் பெண் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்காக நான் அவளுக்குக் காலமெல்லாம் கடமைப்பட்டவள். ஊர் எனக்கு ஊரானது அதற்குப் பிறகுதான்.

சில வருஷங்களுக்கு முன் அக்கா சித்தூரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டாள். போனில் பேசுவோம், ஆனாலும் படியிறங்கும்போது மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். போன மாதம் ஒரு சனிக்கிழமை, வீடு முழுக்க விருந்தாளிகள், வாசலில் அக்கா பையோடு நிற்கிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவரின் சித்தப்பா மரியாதையாக நகர்ந்து இடம்கொடுத்து, "தரிசனம் ஆச்சுங்களா, இல்ல இனிமேதானா?" என்று கேட்டார்.

"தர்சனத்துக்கு வர்லிங்க" என்றாள் அக்கா. "சித்தூர்லேர்ந்து இவளப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.