மொட்டை மாடியில் நான் பார்த்த ஆள்

எட்டு வயதில் நான் பேசிய நாற்பது விநாடிப் பேச்சு ஒன்று என் போனில் இருக்கிறது. சித்தப்பா இறந்த அன்று சாயங்காலம் அம்மாவுக்கு அழுகையில் பேச்சே வரவில்லை. மாங்காட்டில் இருந்த அத்தைக்கு நடந்ததைச் சொல்லும்படி வாய்ஸ் மெசேஜை அழுத்தி, போனை என் வாயருகே பிடித்தாள். "அத்த, சித்தப்பா மாடிலேர்ந்து உழுந்துட்டாரு. துணி எடுக்கப் போனோம். செவுத்து மேல ஏறி நின்னாரு. நீ கீழ போன்னாரு. நான் படில எறங்கறப்ப சத்தம் கேட்டுச்சு. அங்க யாருமே இல்ல அத்த, சித்தப்பா மட்டுந்தான்."

போன வருடம் அத்தை புதுப் போன் வாங்கியபோது பழையதைத் துழாவி, ஒரு வார்த்தையும் எழுதாமல் அந்த மெசேஜை எனக்கு அனுப்பிவைத்தாள். எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். என் குரல்தான், சந்தேகமில்லை. ஆனாலும் பயனில்லை. ஏனென்றால் அந்த மாடியில் இன்னோர் ஆள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறார்.

எங்கள் வீடு மேனாம்பேட்டில். நிலமெல்லாம் மனையாகிப் போன பிறகு அப்பா கட்டியது. கீழே நாங்கள். மேலே ஒற்றை அறைப் போர்ஷனில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன் ஒருவர் வாடகைக்கு இருந்தார். ராத்திரி முழுக்க ஏதோ கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களின் போனுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்து, பகலில் தூங்குவார். பகலில் தூங்குகிற ஆம்பளையை எங்கள் உறவில் ஒருவரும் நம்பியதில்லை. சித்தப்பாவும் அந்த மூன்று மாதமாக வேலைக்குப் போகாமல், யாரோடும் பேசாமல், பகலில் சுவரைப் பார்த்துப் படுத்துத்தான் கிடந்தார். அதை மட்டும் உடம்பு அசதி என்றார்கள். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு தண்ணீர் மோட்டார் போடுவதில் அவருக்கும் மாடி அண்ணனுக்கும் வாய்த்தகராறு வந்தது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

தவறி விழுந்தார் என்று எழுதிக்கொண்டு போலீஸ் போய்விட்டது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அது போதவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில், வந்ததும் அழுவார்கள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, எப்படி நடந்தது என்று ஆரம்பத்திலிருந்து கேட்பார்கள். காலையில் வந்தவருக்குச் சொன்னதை மத்தியானம் வந்தவருக்கும் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். கூட இருந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் பதினாறு நாளும் அந்த உத்தியோகம் எனக்கு வாய்த்தது.

"பாப்பாவக் கூப்புடு" என்பார் அப்பா. நான் போய் நடுக்கூடத்தில் நிற்பேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதுவரை அந்த வீட்டில் நான் பேசினால் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டதில்லை. எங்கே நிறுத்தினால் அழுவார்கள், எதற்கு உச்சுக் கொட்டுவார்கள் என்பது மூன்றாம் நாளே எனக்கு அத்துபடி. சுவர்மேல் ஏறி நின்றார் என்று சொல்லும்போது மட்டும் அப்பா, "அத உடு, அப்புறம் சொல்லு" என்பார். இரண்டு மூன்று முறை அப்படிச் சொன்ன பிறகு அந்தச் சுவர் என் கதையில் வருவதே இல்லை.

கொரட்டூர்ப் பெரியப்பா கேட்டார்: "தனியாவா இருந்தான்? நல்லா ரோசன பண்ணிச் சொல்லு கண்ணு." பெரிய மனிதர் யோசிக்கச் சொல்கிறார் என்றால் யோசிக்க ஏதோ இருக்கத்தானே வேண்டும்? தெரியவில்லை என்றேன். மறுநாள் வேறொருவர், கூட யாராவது இருந்தார்களா என்றார். யாரோ இருந்த மாதிரி இருந்தது என்றேன். எல்லாத் தலைகளும் என் பக்கம் நெருங்கின.

அத்தைதான் கடைசியாகக் கேட்டாள். "மேல கீறானே, அவன் லுங்கில இருந்தானா, பேண்ட்டுலயா?"

அவர் அங்கே இல்லவே இல்லை என்று சொல்ல அந்தக் கேள்வியில் இடமே கிடையாது. இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டியதுதான். லுங்கி என்றேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சித்தப்பா போன பிறகு அவள் என்னைத் தொட்டது அப்போதுதான்.

மெசேஜைக் கேட்ட பிறகும் எப்படி அத்தை அப்படிக் கேட்டாய் என்று போன வருடம் போனில் கேட்டேன். "வேற இன்னா பண்ணச் சொல்ற? எங்க தம்பி தானா குதிச்சிட்டான்னு ஊர் வாயில உழச் சொல்றியா?" என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவளுக்கு அந்தக் கேள்வியாவது மறக்கவில்லையே என்றும் இருந்தது.

லுங்கியின் நீலக் கட்டம் மறுநாள் காலை தானாக வந்தது. யாரும் கேட்கவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த லுங்கியாக இருக்கலாம். அதன்பின் முகம் வந்தது. கடைசியாகச் சித்தப்பாவின் முதுகில் அவர் கை வந்தது. அதைச் சொன்னபோது கூடத்தில் ஒருவரும் அழவில்லை.

பதினாறாம் நாள் காரியம். வடை பாயசத்தோடு சாப்பாடு. கை கழுவியதும் எங்கள் ஆட்கள் நான்கு பேர் மாடிக்குப் போனார்கள். அந்த அண்ணன் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் குட்டியானை வண்டியில் அவர் சாமான்கள் ஏறின. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இடது காதைக் கையால் பொத்தியபடியே இருந்தார். கேட்டருகில் என்னைப் பார்த்ததும் வந்து எதிரே குந்தினார். அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பாப்பா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நெசமாவே என்னைய அங்க பாத்தியாம்மா?"

அப்பாவுக்குப் பயந்து சொன்னேன் என்று இருந்தால் இன்று எனக்கு எவ்வளவோ நிம்மதி. பயமே இல்லை. அவர் கண்ணைப் பார்த்து, "பாத்தேண்ணா. நீல லுங்கி கட்டினு இருந்தீங்க" என்றேன்.

அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு முகம் வெளுத்துப் போயிற்று. எழுந்து இரண்டு எட்டு பின்னால் வைத்தார். வாசலில் இருந்த பக்கெட்டைக்கூட எடுக்காமல் வண்டியில் ஏறிக்கொண்டார்.

"பாத்தியா, எப்டி பயந்துட்டான். தப்புப் பண்ணவன் மூஞ்சி" என்றார் அப்பா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது யோசித்தால், நான் பொய் சொல்கிறேன் என்று நம்பித்தான் அவர் என் எதிரே குந்தியிருக்க வேண்டும். பொய்யாக இருந்தால் ஒரு பிள்ளையிடம் கெஞ்சிக் கேட்டு மாற்றிவிடலாம். நான் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே பார்த்ததாக நம்புகிறேன் என்று கண்டுகொண்ட பிறகுதான் அவர் பயந்தார்.