மிளகுக்குப் பேச்சு வந்த வருடம்

பிள்ளைகள் காப்பகத்தில் எல்லோரும் அவளைத் தாச்சிம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் பாய்களை விரித்து, "தாச்சிக்கோ கண்ணு, தாச்சிக்கோ" என்று முதுகைத் தட்டித் தூங்கவைப்பது அவள் வேலை. பேச்சுத் திருந்தாத ஏதோ ஒரு வாய் எப்போதோ அந்தப் பெயரைச் சூட்டிவிட்டு, பெரிதாகி, பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

கட்டடத்தின் கீழே மருந்துக் கடை, முதல் மாடியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகம், இரண்டாம் மாடியில் காப்பகம். லிஃப்ட் ஒன்று உண்டு. ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள்தான் அதிகம். தாச்சிம்மா படியேறி வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முட்டிவலி அடங்கக் கொஞ்ச நேரம் நிற்பாள். அது அடங்குவதற்குள் முதல் பிள்ளை அழுதுகொண்டே வந்துவிடும். அப்புறம் சாயங்காலம்வரை உட்காருவது என்பது பேச்சுக்குத்தான். ஒன்றுக்கு மூக்கு ஒழுகும், ஒன்று ஈரம் பண்ணிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல நிற்கும், ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று காலைக் கட்டும்.

வீட்டிலும் அவளுக்குச் சாய்ந்து உட்கார ஆள் இல்லை. கணவர் ஒரு கிடங்கில் இரவுக் காவல். இவள் உள்ளே நுழையும்போது அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருப்பார். கதவுச் சாவியைக் கைமாற்றிக்கொள்வதுதான் அவர்கள் குடித்தனம் என்று மகள் கிண்டல் செய்வாள். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் சின்னவளாக இருந்தபோது தாச்சிம்மா அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இங்கே ஊரார் பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

மிளகு வந்து சேர்ந்தது அப்படிப்பட்ட ஒரு வருடத்தில். மூன்று வயதுகூட நிரம்பாத பெண் குழந்தை. ஆள் சின்னது, நிறம் கறுப்பு, காரம் அதிகம். காப்பகத்தை நடத்தும் மேடம்தான் அந்தப் பெயரை வைத்தாள். மிளகின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கட்டடத்து லிஃப்டைச் சரிசெய்ய அடிக்கடி வந்துபோனதில் காப்பகம் பழக்கமாகியிருந்தது. அம்மா வெளிநாட்டில் ஒரு வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தாள். போனில் அம்மாவின் முகம் வந்தால், குழந்தை போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கும். அங்கே அம்மா இல்லை என்றதும் போனை வைத்துவிட்டு எழுந்து போய்விடும். மெக்கானிக் இதைச் சொல்லும்போது சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது.

பிள்ளை பேசாது. அழவும் அழாது. கடிக்கும்.

யாராவது அதன் பொம்மையைத் தொட்டால் கடி. வரிசையில் பின்னால் நின்றவன் இடித்தால் கடி. தொப்பை என்ற பட்டப்பெயர் கொண்ட ஒரு சாதுப் பையன், சும்மா சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்ததற்கும் கடி. விலக்கப் போன தாச்சிம்மாவின் முன்கையில் எப்போதும் ஒரு வட்டம் சிவந்திருக்கும். அது மஞ்சள் பாரிப்பதற்குள் பக்கத்தில் இன்னொன்று விழுந்திருக்கும்.

ஒருநாள் தொப்பையின் அம்மா மகனின் கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"பல் வரிசை அப்படியே பதிஞ்சிருக்கு பாருங்க. என் பையன் என்ன கொய்யாக்காயா?"

மேடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தாள். பிறகு தாச்சிம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். மேடம் கண்டிப்பானவள், ஆனால் படித்த படிப்பைப் பிள்ளைகளிடம் பயன்படுத்தத் தெரிந்தவள்.

"அதுக்குச் சொல்ல வார்த்தை இல்லக்கா. உள்ள இருக்கிறது எல்லாம் பல்லு வழியா வருது. வார்த்தை வந்தா கடி நிக்கும்."

"எப்ப வரும் மேடம்?"

"தெரியாது. யாராவது கூடவே உக்காந்து சொல்லிக் குடுத்துக்கிட்டே இருக்கணும். அது நீங்கதான். உங்களால முடியுமா, முடியாதா? முடியாதுன்னா அப்பாகிட்ட வேற இடம் பாத்துக்கச் சொல்லிடறேன். உங்க மேல தப்பே சொல்ல மாட்டேன்."

தாச்சிம்மாவுக்கு முடியாது என்றுதான் இருந்தது. இருக்கிற பிள்ளைகளே உயிரை வாங்குகின்றன. இதில் ஒன்றுக்கு மட்டும் நிழல்போல ஒட்டிக்கொண்டு நடக்க யாரால் ஆகும்? சாயங்காலம் அப்பா வந்ததும் தானே பக்குவமாகச் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டாள். எப்படித் தொடங்குவது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்று பாய்களை உதறிக்கொண்டே மனசுக்குள் ஒத்திகையும் பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்கு மற்ற பிள்ளைகள் எல்லாரும் போன பிறகுதான் மெக்கானிக் வந்தார். எங்கேயோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டதாம். முழங்கைவரை கிரீஸ். மகளைத் தூக்கக் கையை நீட்டியவர், கையைப் பார்த்துவிட்டுப் பின்னால் மறைத்துக்கொண்டார். மிளகு அவர் கால்சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைக்கிறேன்," என்றார் அவர். "இப்பக் கடிக்கிற பிள்ளைங்க பெருசானாலும் அப்படியேதான் இருக்குமா?"

கேட்ட விதம் அவளை உலுக்கியது. அவர் அதை வேலைக்கு நடுவில், கம்பிகளுக்கும் சக்கரங்களுக்கும் மத்தியில், பலநாள் நினைத்துக் குமைந்திருப்பார் என்று தெரிந்தது.

"தம்பி, என்னைக் கடிச்ச பிள்ளைங்க எத்தனையோ பேரு. இப்ப ஒருத்தன் பேங்க்ல வேலை பாக்கிறான். அங்க யாரையும் கடிச்சதாத் தகவல் இல்ல."

அவர் முகம் கொஞ்சம் இளகியது. இனி எப்படி அந்தப் பேச்சை எடுப்பது? ஒத்திகை பார்த்த சொற்களைத் தேடினாள். ஒன்றும் கைக்கு வரவில்லை. அவரை உட்காரவைத்து, விளக்கி, அவர் முகம் மாறுவதைப் பார்த்து, அதற்கும் ஆறுதல் சொல்லி... அதற்கெல்லாம் உடம்பில் தெம்பில்லை. இடுப்பு விட்டுப்போயிருந்தது. 'நாளைக்குச் சொல்லிக்கலாம்' என்று நினைத்து, "பத்திரமாப் போய்ட்டு வாங்க" என்றாள். மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மிளகு அங்கே நிலைத்தது இப்படித்தான். இரக்கம் என்று பின்னால் மேடம் பாராட்டியபோது, அது அசதி என்று தாச்சிம்மா திருத்தவில்லை.

தப்ப வழி இல்லாததால் வேலையைத் தொடங்கினாள். மிளகின் வாய் திறக்கும் நொடியில் தாடையை மெல்லத் தாங்கிக்கொண்டு, "கோவமா வருதா? கோவம்னு சொல்லு" என்பாள். பொம்மையைப் பிடுங்கினால், "என்னோடதுன்னு சொல்லு." இடித்தால், "தள்ளாதன்னு சொல்லு." பிள்ளை அவளை முறைக்கும். சிலசமயம் அவளையே கடிக்கும். நாளெல்லாம் இதையே சொல்லி, வீட்டிலும் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது. மகள் ரிமோட்டை எடுத்தபோது, "கேட்டு வாங்கணும்" என்றாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மாதங்கள் போயின. மழைக்காலம் வந்து, காப்பகம் முழுக்க ஈரத்துணி காய்ந்தது. ஒருநாள் மிளகு கடித்த இடத்தில் ரத்தம் கசிய, தாச்சிம்மா கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, நின்றபடியே கொஞ்சம் அழுதாள். வலியால் அல்ல. இத்தனை நாள் பேசியது எல்லாம் சுவருக்குப் பேசியதுதானோ என்று தோன்றிவிட்டது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, யாரோ கொட்டிய தண்ணீரைத் துடைத்தாள்.

அது வந்தபோது யாரும் எதிர்பார்க்கவில்லை. தொப்பை சிவப்பு வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். மிளகு எழுந்தது. வாய் திறந்தது. தாச்சிம்மா அறையின் அந்தப் பக்கம் ஒரு பிள்ளைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள், ஓடி எட்டமுடியாது. மிளகின் வாய் தொப்பையின் தோள்வரை போய் நின்றது. உதடு நடுங்கியது.

"நா கோவம்," என்றது மிளகு.

தொப்பை வாளியைக் கீழே வைத்துவிட்டான். பயத்தில் அல்ல, அது பேசும் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் வேறு விதமான தொல்லை. சாப்பாடு கொண்டுவந்தால் "நா கோவம்." தூங்கச் சொன்னால் "நா கோவம்." ஜன்னலில் காக்கா உட்கார்ந்தால் அதற்கும் கோபம். மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "கடியே தேவலாம் போல இருக்கே அக்கா" என்றாள். பிறகு மற்ற வார்த்தைகளும் அணை திறந்ததுபோல வந்தன. பயம் என்ற சொல் வந்த வாரத்தில் பிள்ளை முதல்முறையாக அழுதது. தேம்பித் தேம்பி, அம்மாவைக் கேட்டு, ஒரு மதியம் முழுக்க. தாச்சிம்மா மடியில் போட்டுக்கொண்டு ஆட்டினாள். முட்டி மரத்துப்போனது. எழுந்தால் அழுகை கூடும் என்று அசையாமல் இருந்தாள்.

மிளகும் தொப்பையும் முதலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடினார்கள். பிறகு எப்போது அது ஒரே விளையாட்டானது என்று யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் அவர்கள் காப்பகம் நடத்திக்கொண்டிருந்தார்கள். தொப்பை குழந்தை, கால் நீட்டிப் படுத்திருந்தான். மிளகு இடுப்பில் கைவைத்து, கண்ணை மூடி, ஒரு நீளமான மூச்சை விட்டது. "ஐயோ சாமி, எப்பத்தான் விடியுமோ," என்றது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு முட்டியைத் தேய்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தது.

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள். தாச்சிம்மாவும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் அந்த மூச்சு அவளைவிட்டுப் போகவில்லை. நான் அப்படித்தானா இருக்கிறேன் என்று நினைத்தாள். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பல நாளாகிவிட்டிருந்தது.

ஐந்து வயதில் மிளகு பள்ளிக்கூடம் போனது. கடைசி நாள் அது புதுப் பையைக் காட்டுவதிலேயே குறியாக இருந்ததால் விடைபெறுவது என்று ஒன்று நடக்கவில்லை. அந்த இடத்துக்கு அடுத்த வாரமே இரட்டையர் வந்து சேர்ந்தார்கள்.

சில வருடங்கள் கழித்து ஒரு பள்ளி விடுமுறை நாளில் மெக்கானிக் லிஃப்டைப் பார்க்க வந்தார். கூட ஒரு சிறுமி. கையும் காலும் நீண்டு, முன்பற்கள் முகத்துக்குப் பெரிதாக, தலையை மிகச் சரியாகப் பின்னிக்கொண்டு. அம்மா திரும்பி வந்துவிட்டாள் என்பதை அந்தப் பின்னலே சொன்னது.

"யாரு தெரியுதா? தாச்சிம்மா," என்றார் அப்பா.

சிறுமி மரியாதையாகச் சிரித்தாள். "வணக்கம் ஆன்ட்டி."

மெக்கானிக்குக்குக் கூச்சமாகிவிட்டது. "என்ன பாப்பா, இவங்கதான் உன்ன..." என்று தொடங்கினார். தாச்சிம்மா கையால் தடுத்தாள்.

"விடுங்க தம்பி. அந்த வயசு யாருக்குத்தான் ஞாபகம் இருக்கு."

அவர் வேலையில் இறங்கினார். சிறுமி ஒரு குட்டி நாற்காலியில் முட்டியை மடக்கி உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். சற்றுப் பொறுத்து, அப்பாவுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"ஆன்ட்டி, நான் இங்க நல்ல பிள்ளையா இருந்தேனா?"

"ஏன் கேக்கிற?"

"சும்மாதான். எங்க கிளாஸ்ல எல்லாரும் அவங்கவங்க சின்ன வயசு கதை சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல."

தாச்சிம்மா தன் முன்கையைப் பார்த்தாள். தழும்பு எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் இந்தச் சுருக்கங்களில் தெரிந்திருக்காது. கடித்த கதையைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். இந்த வயதுக்கு அந்தச் சிரிப்பு தாங்காது.

"காக்கா மேல உனக்குக் கோவம் வரும்," என்றாள். "ஜன்னல்ல வந்து உக்காந்தா, நீ இடுப்புல கைவச்சு அதைத் திட்டுவ."

"நிஜமாவா?" சிறுமியின் முகம் மலர்ந்தது. "என்ன திட்டுவேன்?"

"நா கோவம், நா கோவம்னு. அது போற வரைக்கும் விட மாட்ட."

சிறுமி அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்பா கூப்பிட்டார். லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்க்க இரண்டு பேரும் உள்ளே ஏறினார்கள். கதவு மூடும்போது அவள் பொத்தான்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் தாச்சிம்மா மகளிடம் கேட்டாள். "உன் சின்ன வயசுல நான் உன்னைத் தூக்கி வச்சிருந்தது எதாவது ஞாபகம் இருக்கா?"

மகள் யோசித்தாள். "இல்லம்மா." பிறகு, "பக்கத்து வீட்டு அத்தையும் ஞாபகம் இல்ல. அவங்க மடியில வளந்தேன்னு அப்பாதான் சொல்லுவாரு," என்றாள். அந்தப் பேச்சு அவர்களுக்குள் வந்தது அதுதான் முதல்முறை. மகள் எழுந்து போய்த் தைல டப்பாவைக் கொண்டுவந்து, அம்மாவின் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுவாரம் தாச்சிம்மா மேடத்திடம் தூக்குகிற வேலை இனி ஆகாது என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெரிய பிள்ளைகளின் அறைக்கு மேடம் அவளை மாற்றினாள். ஆறு வயதுமுதல் பத்து வயதுவரை உள்ள கூட்டம் அது. அங்கே குனிய வேண்டாம், சுமக்க வேண்டாம். ஆனால் நியாயம் சொல்ல வேண்டும். யார் அவுட், யார் அழுகுணி ஆட்டம் ஆடினது, யார் யாரோடு இனி பேசுவதில்லை என்று அத்தனை வழக்கும் அவளிடம் வந்தது. ஒருத்தி வந்து ரகசியம் என்று காதில் சொல்வாள்; கொஞ்ச நேரத்தில் அதையே இன்னொருத்தி வந்து சொல்வாள்.

"தாச்சிம்மா, இவன் கோட்டை மிதிச்சான். ரூல்படி அவன் வெளிய போகணும்ல?"

"மிதிக்கல தாச்சிம்மா. காத்துதான் என்னைத் தள்ளுச்சு."

தாச்சிம்மா நாற்காலியில் இருந்து எழவில்லை. "ரெண்டு பேரும் இங்க வாங்க," என்றாள். "முதல்ல இருந்து சொல்லுங்க. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசக் கூடாது."