ஜெசிந்தா டீச்சரும் என் வீட்டு ஐந்து மீன்களும்

மே மாத விடுமுறைக்கு மூணாறு போயிருந்தோம். ஏழாவது நாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது எங்கள் பள்ளித் தலைமையாசிரியை போனில் கூப்பிட்டார். "வடிவு, ஜெசிந்தா டீச்சர் போயிட்டாங்கம்மா" என்றார். "எங்கே போயிருக்காங்க?" என்று கேட்டேன். எதிர்முனையில் அழுகை கேட்ட பிறகுதான் புரிந்தது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் எனக்கு முதலில் தோன்றியது, இனி மீன்களுக்கு யார் தீனி போடுவார்கள் என்பதுதான். என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

அவரிடம் வேதியியல் படித்தவர்களுக்கும், பதினாறு ஆண்டுகள் எங்களோடு ஆசிரியர் அறையில் டீ குடித்தவர்களுக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. என் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டியும், அதில் ஐந்து தங்கமீன்களும் உண்டு. நாங்கள் வெளியூர் போகும்போதெல்லாம் அடுத்த தெருவிலிருந்து வந்து அவற்றுக்குத் தீனி போட்டவர் அவர்தான். இது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அவருக்கு மீன் வளர்ப்பதில் துளியும் விருப்பமில்லை. அப்பா தோணியில் போனவர், மாமன்மார் கடலுக்குப் போகிறவர்கள். முதல் முறை தொட்டியைப் பார்த்ததும், "ஏளா, எங்க வீட்டுல மீனுன்னா குசினிக்குத்தான் போகும். நீ என்னடான்னா ஹால்ல வச்சு லைட்டு போட்டிருக்கியே" என்று சிரித்தார். ஆனாலும் நான் கேட்டதும் ஒப்புக்கொண்டார்.

அந்த முறை நாங்கள் ஊரிலிருந்து திரும்பியபோது வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "அதுல ரெண்டு உன் மீன் இல்ல வடிவு" என்றார். மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பசி என்று நினைத்து, மேலும் மேலும் அள்ளிப் போட்டிருக்கிறார். தண்ணீர் கெட்டு இரண்டு செத்துவிட்டன. அதே அளவில், அதே நிறத்தில் இரண்டு வாங்கி விட்டிருந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. அதைச் சொன்னேன். "உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்லா" என்றார்.

அதன்பிறகு நாங்கள் புறப்படும் முன்பே தீனி டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொள்வார். பள்ளி ஆய்வகத் தராசில் ஒருநாள் அளவை நிறுத்து, காகிதத்தில் மருந்துப் பொட்டலம்போல் மடித்து, ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் தேதி எழுதுவார். மறுபடி அவர் கையில் ஒரு மீனும் சாகவில்லை.

ஒரு மழைக்காலத்தில் நான் ஆத்தூரில் அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டேன். பஸ் இல்லை, தூத்துக்குடியில் கரண்டும் இல்லை. தொட்டியில் காற்று விடும் மோட்டார் நின்றிருக்கும், மீன்கள் அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் வந்து பார்த்தால் ஐந்தும் நீந்திக்கொண்டிருந்தன. டீச்சர் முழங்கால் தண்ணீரில் நடந்துவந்து, இரண்டு பகலும் தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மக்கில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றியிருக்கிறார். "அப்பப்ப ஊத்துனா ஆக்சிஜன் கலந்துரும். பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குதேன், நானே செய்யாண்டாமா?" என்றார். கை வீங்கியிருந்தது.

அவர் எங்கும் போனதில்லை. கணவர் சேவியர் அண்ணன் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். "அவரு ரெண்டு பேருக்கும் சேத்துச் சுத்திட்டு வந்துட்டாரு" என்பார். ஆனால் இந்த ஏப்ரலில், விடைத்தாள் திருத்தும்போது, "அடுத்த வருசம் ரிட்டயர்டு ஆனதும் நானும் உங்கூட வாரேம்ளா. மலையைப் பாக்கணும்" என்றார். "அப்ப மீனுக்கு யாரு போடுவா?" என்று கேட்டேன். இருவரும் சிரித்தோம். பதில் யோசிக்கவில்லை.

மூணாறில் தினமும் காலையில் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் மீன்களின் படம் ஒன்று வரும். ஏழாம் நாளும் வந்தது. "அஞ்சும் சாப்பிட்டாச்சு. நீ சாப்பிட்டியா?" என்று எழுதியிருந்தார். நான் பெருவிரலைக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுத் தேயிலைத் தோட்டம் பார்க்கப் போனேன்.

அன்று காலை நடந்ததைச் சேவியர் அண்ணன் பிறகு சொன்னார். விடிந்ததிலிருந்தே டீச்சருக்கு நெஞ்சில் பாரம், இடது கையில் வலி. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ பிடித்திருக்கிறார்கள். "உங்க வீட்டு வாசல் வந்ததும் நிறுத்தச் சொல்லிட்டா. வேண்டாம்னேன். 'ரெண்டு நிமிசம், போட்டுட்டு வந்துருதேன், அங்க எவ்வளவு நேரம் ஆகுமோ'ன்னா. எறங்கி வாரப்ப சேலையெல்லாம் வேர்வை."

எங்கள் வீடு இரண்டாவது மாடி. லிப்ட் கிடையாது.

"படியினால இல்லம்மா. ராத்திரியே ஆரம்பிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றார் அண்ணன். தலையசைத்தேன். நம்பவில்லை. நான் அந்தப் படிகளை ஏறும்போதெல்லாம் பாதியில் நிற்கிறேன். அவர் எந்தப் படியில் நின்று மூச்சு வாங்கினாரோ என்று தேடுகிறேன்.

மறுநாள் அடக்கம். அவரிடம் படித்த பிள்ளைகள் முத்தையாபுரத்திலிருந்தும் துறைமுகக் குடியிருப்பிலிருந்தும் வேலை உடையோடே வந்திருந்தார்கள். அதன்பிறகுதான் என் வீட்டைத் திறந்தேன். தொட்டி தெளிவாக இருந்தது. மேசை மேல் பிரிக்காத பொட்டலங்கள் மூன்று, அவர் எழுத்தில் தேதிகளோடு. அன்றைய தேதிக்குரியதைப் பிரித்துப் போட்டேன். ஐந்தும் மேலே வந்தன. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சேவியர் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றைக் கொடுத்தார். "ஆஸ்பத்திரியில அவ வளையலோட சேத்து நர்ஸம்மா தந்தாங்க. கையை மூடிப் புடிச்சிருந்தாளாம், விரலைப் பிரிச்சுத்தான் எடுக்க முடிஞ்சுதாம். உங்க வீட்டுச் சாவிதானம்மா?"

ஆமாம். என் வீட்டுச் சாவிதான். பையில் போட நேரமில்லாமல், அத்தனை வலியிலும் கீழே விட்டுவிடாமல், அதை அவர் கையிலேயே கொண்டுபோயிருக்கிறார். டீச்சருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அலமாரியில், அதே கைக்குட்டையில் வைத்திருக்கிறேன். அதைப் போட்டு இன்னும் ஒரு முறையும் கதவைத் திறக்கவில்லை.