முழங்காலுக்குத் தூக்கமில்லை

"மனசு சரியில்லைன்னு டாக்டர் முன்னாடி போய் நிக்கிற ஆளு நான் இல்ல. அப்படி நின்னா இந்த மீசையை எடுத்துடறேன்!"

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், சக பணியாளர்கள் மூவர் முன்னிலையில் கையில் ஸ்பானரோடு செய்யப்பட்ட சபதம் இது. செய்தவர் நம் லிஃப்ட் மெக்கானிக்.

மறுவாரமே அவர் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார் என்பது உண்மைதான். ஆனால் முழங்காலுக்காகப் போனார். சபதத்தில் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அந்தக் கிளினிக்கில் ஒரு வழக்கம். வாசல் மேசையில் இருக்கும் சீட்டுக்காரம்மா, "உங்களுக்கு என்ன?" என்று கூடமே அதிரக் கேட்பார், பதிலைச் சீட்டில் எழுதித் தருவார். மூலநோய்க்காரர்கள் எத்தனையோ பேர் அங்கே தலைவலிக்காரர்களாக மாறியது இப்படித்தான்.

டாக்டரம்மா அன்று முழங்காலைத் தட்டிப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"முழங்கால் ராத்திரி தூங்குதா?"

"விடியறதுக்கு முன்னாடியே முழிச்சுக்குதும்மா" என்றார் இவர். சொல்லும்போதே கண்ணீர் மீசையில் இறங்கிவிட்டது.

அன்று ஏற்பட்ட ஒப்பந்தம் பதினோரு வருடம் நீடித்தது. சீட்டில் முழங்கால் இருந்தது. உள்ளே தம் அட்டையில் டாக்டரம்மா மனச்சோர்வு என்று எழுதிக்கொண்டார். மாதாமாதம் முழங்காலின் தூக்கம், பசி, வேலை எல்லாம் விசாரிக்கப்பட்டன. மாத்திரைக்கும் முழங்கால் மாத்திரை என்றே பெயர். "மாமா, நீங்க நொண்டவே இல்லையே, அப்புறம் எதுக்கு?" என்று கேட்ட மைத்துனனுக்கு, "சாப்பிடறதாலதான்டா நொண்டலை" என்று பதில் கிடைத்தது. வைத்திய சாஸ்திரத்தில் இதற்கு மறுப்பு கிடையாது.

இந்த வருடம் உடம்பும் மனசும் நன்றாக இருந்தன. உடனே நம்மவர் தாமே தீர்ப்பு எழுதி, மாத்திரை அட்டைகளை லிஃப்ட் குழிக்குள் போட்டார்.

"டாக்டரம்மாவைக் கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"என் முழங்கால் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சு கிழிச்சீங்க!"

நாலே வாரம். வேலைக்குப் போவது நின்றது, குளிப்பது நின்றது, கடைசியில் சண்டை போடுவதும் நின்றது. மனைவிக்குப் பயம் வந்தது அப்போதுதான். கிளினிக் தேதியும் தவறியது. நெடுநாள் நோயாளி தேதி தவறினால் அன்று மாலையே தாமே போன் செய்வது டாக்டரம்மாவின் பழக்கம்.

"முழங்கால் எப்படி இருக்கு?"

"இருக்கும்மா."

"சாப்பிடுதா?"

"ரெண்டு வாய்."

"செத்துடலாம்னு அதுக்குத் தோணுதா?"

வயிறு சரியாகப் போகிறதா என்று கேட்கும் அதே குரல். பதினோரு வருடமும் கேட்ட கேள்வி, பதினோரு வருடமும் 'இல்லை' வந்த கேள்வி.

"தோணுதும்மா. எதுவும் பண்ணிடலை."

"சொன்னீங்களே, அதுவே நல்லது. போனை வீட்டுக்காரம்மாகிட்ட குடுங்க. ரெண்டு பேரும் இப்பவே வாங்க, நான் உக்காந்திருக்கேன். அப்புறம் இன்னொண்ணு. முழங்காலை வீட்டிலேயே விட்டுட்டு வாங்க."

கூடம் நிறைந்திருந்தது. சபதத்துக்குச் சாட்சியான மூவரில் ஒருவர், விதியின் குறும்பைப் பாருங்கள், இருமலோடு முதல் பெஞ்சில். "என்னய்யா, மறுபடியும் முழங்காலா?" என்று இருமலுக்கு நடுவே விசாரித்தார்.

சீட்டுக்காரம்மா பேனாவை எடுத்து, 'மு' என்று எழுதியும் விட்டார். "உங்களுக்கு என்ன?"

மனைவி இவர் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். பத்து நாள் சவரம் செய்யாத முகத்தில் மீசை எங்கே முடிகிறது, தாடி எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

"அதை அடிச்சுடுங்கம்மா" என்றார் மெல்ல. "மனசுன்னு எழுதுங்க. பதினோரு வருஷமா."