இல்லாத நிய்யத்து

திண்டுக்கல் வெயிலில் ஒரு பெண் உட்கார்ந்து கம்பளி பின்னினால், யாருக்கு என்று நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள். பேகம்பூரில் சைனம்புவையும் கேட்டார்கள். அதற்கு அவள் சொன்ன ஒரு சொல் ஐந்து வருடம் அவளை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

அவள் புருசன் ஜமால் முகமதுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. ஐம்பத்தேழாம் வருடம் சைனம்பு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்தாள். வீட்டில் விட்டுவந்த இரண்டு பிள்ளைகளை நினைத்து நினைத்தே அவளுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் கொடைக்கானல் மலையிலிருந்து வந்த ரோஸ்மேரி படுத்திருந்தாள். "இந்தா, அழுவுற நேரத்துக்கு இதப் பிடி" என்று இரண்டு ஊசியையும் ஒரு பச்சைக் கம்பளி உருண்டையையும் கொடுத்து, கண்ணி போடக் காட்டினாள். ஊருக்குக் கிளம்பும்போது அதை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காய்ச்சல் விட்டது, பின்னல் விடவில்லை. ஒரு கண்ணி ஊசிக்கு ஏறி, அதன் வயிற்றுக்குள்ளிருந்து இன்னொரு கண்ணி வெளியே வரும்போது சைனம்புவின் மனசு தண்ணீர் தெளிந்த மாதிரி ஆகிவிடும். குழம்பில் உப்பு கூடிவிட்டால் கூடினதுதான். வாய் தவறி விட்ட சொல்லும் அப்படித்தான். கம்பளியில் மட்டும் தப்பாகப் போனால் இழுத்துவிடலாம், தப்பு நடந்த தடமே இருக்காது. உலகத்தில் இப்படி ஒரு வேலையும் இருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

புருசனின் அக்கா சர்புன்னிசாவும் அதே வீட்டில்தான் இருந்தாள். நாக்கில் சுண்ணாம்பு தடவினவள் என்று தெருவில் பெயர். ஒரு நாள் எதிரே வந்து நின்றாள்.

"மண்டையப் பிளக்குற வெயில்ல கம்பளி. யாருக்குடி இது? தோல் ஷாப்புல ஊறுற ஆட்டுக்கா? முடியெல்லாம் சுரண்டிட்டாங்கன்னு குளிருதாக்கும் அதுக்கு."

சும்மாதான் மதினி, எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பிள்ளை பெற்றவள், அம்மியில் மசாலா காத்துக்கிடக்க, சும்மா பிடித்ததைச் செய்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? வந்த சொல் இதுதான்:

"நிய்யத்து வச்சிருக்கேன் மதினி. மலையில குளிர்ல கெடக்குற ஏழைப் பிள்ளைகளுக்கு."

சர்புன்னிசா வாயை மூடிக்கொண்டாள். அல்லாஹ்வுக்காக மனசில் வைத்த நிய்யத்தை யாரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள். அவள் குனிந்து தானே அம்மிக்குழவியைப் பிடித்தாள். "நிய்யத்து வேலை, நீ பாரு" என்றாள். அந்தக் கடுசான மனுசியின் குரல் அவ்வளவு இறங்கி வந்ததுதான் சைனம்புவுக்கு முதல் அடி.

மலையில் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் போகவில்லை. இருந்தது அந்த ஒரே பச்சை உருண்டை. சின்னச் சட்டையாகக் கழுத்துவரை பின்னுவாள், பிறகு ராத்திரி எல்லாரும் தூங்கினதும் நுனியைப் பிடித்து உருவிவிடுவாள். சுருண்டு நிற்கும் நூலை நனைத்து, ஒரு செம்பைக் கட்டித் தொங்கவிட்டு, நேரானதும் மறுபடி சுற்றி முதல் கண்ணி போடுவாள். "போன தடவ அனுப்புனது போய்ச் சேந்துச்சா?" என்று யாராவது கேட்டால், "சேந்துச்சு" என்பாள். தொழுதுவிட்டுக் கையேந்தும்போது தன் விரல்களையே பார்க்கக் கூசும். இந்தத் தடவை முடித்து யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று நினைப்பாள். கொடுத்துவிட்டால் பின்ன நூல் ஏது? நினைப்பு அங்கேயே நின்றுவிடும்.

அறுபத்திரண்டாம் வருடம், ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், இடியாப்பம் விற்கும் காதர் பீவி வந்தாள். புருசன் இல்லாதவள். மகள் தாஹிராவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து பிறந்து தவறிவிட்டன, இப்போது ஏழு மாதம். மடியிலிருந்து வெள்ளைக் கம்பளி உருண்டைகளை எடுத்து வைத்தாள். கொடைக்கானல் பஸ் டிரைவரிடம் சொல்லி வாங்கியதாம்.

"ஒன் நிய்யத்தோட என் நிய்யத்தையும் சேத்துக்க தாயி. அங்க ஒரு பச்சப் புள்ளைக்கு ஒரு சட்ட. இந்தப் புள்ளயாச்சும் எங்களுக்குத் தங்கட்டும். ஒன் கை நல்ல கை, அம்புட்டுப் பேரும் சொல்றாக."

சைனம்பு வாங்கி வைத்துக்கொண்டாள். எட்டு நாள் அந்த வெள்ளை நூல் பெட்டியில் கிடந்தது. எடுப்பாள், பிஸ்மில்லாஹ் சொல்ல வாயெடுப்பாள், நாக்கு ஒட்டிக்கொள்ளும். தன் பொய்க்குப் பக்கத்தில் ஒரு தாயின் உண்மையான நிய்யத்தை எப்படி வைப்பது? அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஒன்பதாம் நாள் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு காதர் பீவி வீட்டுக்குப் போனாள். அவள் இடியாப்ப உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மாமி, எனக்கு நிய்யத்தே கெடையாது. மதினி கேட்டப்ப பொய் சொல்லிட்டேன். யாருக்கும் எதுவும் அனுப்பல. பின்னுவேன், உருவுவேன், திரும்பப் பின்னுவேன்."

காதர் பீவியின் கை நின்றது. "அஞ்சு வருசமா?"

"ஆமா மாமி."

"ஒரே நூலயா?"

"ஆமா."

"எதுக்குடி?"

"பிடிச்சிருக்கு மாமி. வேற ஒண்ணுமில்ல."

காதர் பீவி உரலைக் கீழே வைத்தாள். சைனம்பு தரையைப் பார்த்தபடி நின்றாள். இவள் நாலு அடி அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"அல்லாவோட பேரச் சொல்லியா வெளாண்ட? எம்மக கிட்ட என்னென்னமோ சொல்லித் தேத்தி வச்சிருக்கேன்." மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நீ பொய் சொன்னது ஒனக்கும் படைச்ச ரப்புக்கும் உள்ளது. மன்னிச்சிருன்னு தவ்பா கேளு. என் நிய்யத்து என்னோடது, அதுல பொய்யில்ல. எனக்குப் பின்னத் தெரியாது, ஒனக்குத் தெரியும். நூலக் கொண்டாந்து இங்கனயே ஒக்காரு. இனிமே ஒன்ன நம்பி வீட்டுக்கு விடமாட்டேன்."

அப்படித்தான் காதர் பீவியின் கண்ணெதிரே, அடுப்படிப் பலகையில் உட்கார்ந்து, சைனம்பு முதல் கண்ணி போட்டாள். பிஸ்மில்லாஹ்வைக் காதர் பீவியே சத்தமாகச் சொன்னாள். "இறுக்கிப் போடு, மலையில காத்து அடிக்கும்" என்று அதட்டினாள். சைனம்புவுக்கு அழுத கண் எரிந்தது, தலை நிமிரவில்லை.

நாலாவது வரிசைக்குள் சைனம்புவின் மனசு தெளிய ஆரம்பித்தது. இத்தனைக்கும் பிறகு, இந்தத் தாயின் முன்னால், கைக்கு அதே சந்தோசம் வந்துவிட்டது. காதர் பீவி அதைப் பார்த்துவிடக் கூடாதே என்று முக்காட்டை முகத்துக்கு இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் அடுத்த வரிசைக்கு ஊசியைத் திருப்பினாள்.