ஒரிஜினல் இல்லாமல் வராதீர்கள்

ஜெராக்ஸ் கடைக்காரிக்கு ஊர் ஜனங்களின் முகமெல்லாம் கறுப்பு வெள்ளையில்தான் பழக்கம். ரோட்டில் பார்த்து வணக்கம் வைத்தால் யாரென்று விழிப்பேன். ரேஷன் கார்டை நீட்டினால் “அட, நீங்களா” என்று உட்காரச் சொல்லிவிடுவேன்.

லிங்கராஜபுரம் பஸ் போகிற ரோட்டில், வார்டு ஆபீசுக்கு எதிரே, பதினாலு வருஷமாக இந்தக் கடையை நடத்துகிறேன். ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டூல், கிரேஸ் என்கிற நான். அப்பா என்னைக் கன்னட மீடியத்தில் படிக்க வைத்ததால், கன்னடம் எழுதத் தெரியாத நம்மவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் என் வேலைதான். “ஒரு காப்பி குறையுது, நாளைக்கு வாங்க” என்று ஏதாவது ஒரு ஜன்னலில் திருப்பி அனுப்பப்பட்டவர் நீங்கள் என்றால், நமக்குள் ஒளிவு மறைவு வேண்டாம். என் கஷ்டம் உங்களுக்குப் புரியும், உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்.

மூடிக்கு அடியில்

எங்கள் தொழிலில் தினம் நடக்கிற கூத்து ஒன்று உண்டு. வருகிறவர்கள் காப்பியை ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணி வாங்கிக்கொள்வார்கள். ஒரிஜினலை மெஷின் மூடிக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அப்படித் தங்கிப்போனவற்றைப் போட ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன். சிலர் அன்றே ஓடி வருவார்கள். சிலர் வீட்டையே புரட்டிப் போட்டு, பெண்டாட்டியோடு சண்டையும் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து வருவார்கள்.

காக்ஸ் டவுனிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார். மனைவியின் இறப்புச் சான்றிதழை ஆறு காப்பி எடுத்தார். அவர் போன பிறகு மூடியைத் திறந்தால் ஒரிஜினல் படுத்திருக்கிறது. கடையைப் பக்கத்துக் கீரை வண்டி முனியம்மாக்காவிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் பிடித்து நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

“மறக்கலைம்மா, வேணும்னுதான் விட்டுட்டு வந்தேன். அது வீட்டுக்கு வந்தா அவ போனது நெசமாயிடும். கொஞ்ச நாள் உங்கிட்டயே இருக்கட்டும்.”

மோரிக்கு மூடி

முனியம்மாக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். நீலசந்திராவில் ஒரே அறை வீடு, தனி ஆள். விடியும்போதே மார்க்கெட்டில் கீரை எடுத்து, இரண்டு பஸ் மாறி வந்து, என் கடைப் படிக்குப் பக்கத்தில் வண்டி போடுவார். என் கடை வருவதற்கு முன்பே அவர் அங்கே இருந்தார். கீரையை இங்கே எல்லோரும் கன்னடத்தில் சொப்பு என்பார்கள். தமிழ் பேசுகிறவர்களும் அப்படித்தான் கேட்பார்கள். சாயங்காலம் வண்டியை என் ஷட்டர் வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போவார். வேலை இல்லாத நேரத்தில் நான் அவருக்குக் கீரை கட்டிக் கொடுப்பேன். நான் கட்டிய கட்டு வாங்குகிறவர் கைக்குப் போவதற்குள் அவிழ்ந்து விழும். “கம்ப்யூட்டர்ல கட்டு, நல்லா வரும்” என்பார்.

அவர் வண்டிக்கு முன்னால் மோரி, அதாவது சாக்கடை, மூடி இல்லாமல் திறந்து கிடந்தது. ஒரு பாட்டியம்மா கால் தவறி விழுந்த பிறகு, முனியம்மாக்கா பெயரில் நான் புகார் எழுதிப் போட்டேன். ஒரு வாரத்தில் ‘தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ், கூடவே ஒரு ஃபோட்டோ. புத்தம் புது சிமெண்ட் மூடி போட்ட மோரி. ஆனால் அது எங்கள் ரோடே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் இன்னொரு புகார் எழுத உட்கார்ந்தேன். முனியம்மாக்கா ஃபோட்டோவை நன்றாகப் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“வுடு கண்ணு. எந்தத் தெருவோ, அந்த ஜனங்களாவது வுழாம போவட்டும்.”

ஆள் இல்லாத வண்டி

என் கடையில் ஒரு போர்டு இருந்தது. தமிழிலும் கன்னடத்திலும் நானே எழுதியது: ‘ஒரிஜினல் இல்லாமல் வராதீர்கள்.’ காப்பியிலிருந்து காப்பி எடுத்தால் முகம் கரிக்கட்டையாக வரும். ஆபீசில் தூக்கிப் போடுவார்கள். அவர்கள் திரும்பி வந்து என்னைத் திட்டுவார்கள். அதனால் யாராக இருந்தாலும் ஒரிஜினல் கேட்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

தள்ளுவண்டிக்காரர்களைக் கணக்கெடுக்க வருகிறார்கள், அட்டை கொடுப்பார்கள், அட்டை இருந்தால் இருக்கிற இடத்திலிருந்து யாரும் கிளப்ப முடியாது என்று ரோடே பேசிக்கொண்டிருந்தது. முனியம்மாக்காவுக்கு அந்த இடம்தான் சோறு. ஒரு காலை, பால் கவருக்குள் மடித்து வைத்திருந்த ஆதார் காப்பியை என்னிடம் நீட்டினார். அதுவே காப்பியின் காப்பி. “இது ஆகாதுக்கா, வீட்டுக்குப் போய் ஒரிஜினல் எடுத்துட்டு வாங்க” என்றேன். “நான் போன நேரம் பாத்து அவங்க வந்துட்டா?” என்று கேட்டார். பதினாலு வருஷமாக எதிரே இருக்கும் ஆபீசை நான் பார்க்காததா? “அந்த ஆபீஸ்லருந்து மத்தியானத்துக்கு முன்னாடி யார் வெளிய வந்திருக்காங்க? தைரியமா போய்ட்டு வாங்க” என்று பஸ் ஏற்றிவிட்டேன்.

பத்தரை மணிக்கு வந்துவிட்டார்கள்.

போன் போட்டேன். வண்டியில் கீரைக்கு அடியிலிருந்து மணி அடித்தது. கணக்கெடுக்க வந்த பையனிடம் கெஞ்சினேன். நல்ல பிள்ளை, அவனும் தன்னால் ஆனதைச் செய்தான். கவுண்டரில் கிடந்த அந்தக் கறுத்துப்போன காப்பியையே வாங்கி எண்ணைப் பார்த்து டைப் பண்ணிக்கொண்டான். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஒரிஜினலுக்காக அவரை பஸ் ஏற்றிவிட்டது நான்தான். கீரைக்கு அடியிலிருந்த போனுக்கு ஓடிபி வந்தது, சொன்னேன். எண் இருந்தது, போன் இருந்தது, வண்டி இருந்தது. ஆள் மட்டும் இல்லை. ஆள் இல்லாத வண்டியின் ஃபோட்டோ ஏறாது என்றான். “யாராவது ஒருத்தர் நில்லுங்க மேடம், ஆமேலே சேஞ்ச் மாடிஸ்கோபோது” என்றான். பிறகு மாற்றிக்கொள்ளலாமாம். அந்த வார்த்தையை நம்பி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆயிரம் திருத்த விண்ணப்பம் எழுதியவள் நான். இருந்தும் ஒரு கட்டு சொப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.

மத்தியானம் முனியம்மாக்கா வேர்க்க விறுவிறுக்க வந்தார். அரிசி டப்பாவைக் கவிழ்த்து ஒரிஜினலைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். ஒரிஜினலை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு அவரே என்னைத் தேற்றினார்.

“நீ நின்னா இன்னா, நான் நின்னா இன்னா? எடம் நின்னா போதும்.”

அட்டை

நாலு மாதம் கழித்து அட்டை வந்தது. பளபளவென்று, கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடாவோடு. பெயர் முனியம்மா. ஊர் நீலசந்திரா. தொழில் கீரை வியாபாரம். முகம் என்னுடையது. அன்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தேன் போல, அழப்போகிறவள் மாதிரி இருந்தேன். முனியம்மாக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாங்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“என் பேருக்கு உன் மூஞ்சி நல்லாத்தான் கீது. வயசு வேற கொறஞ்சிட்டேன் பாரு.”

திருத்தம்

மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஆபீசுக்குப் போனேன். எத்தனையோ பேரை அனுப்பிய ஜன்னலில் அன்று நானே நின்றேன். அங்கிருந்த அம்மாவுக்கு என்னைத் தெரியும். கம்ப்யூட்டரில் திருத்தம் என்ற இடத்தைத் திறந்து எனக்கே திருப்பிக் காட்டினார். பெயர் மாற்றலாம். விலாசம் மாற்றலாம். போன் நம்பர் மாற்றலாம். அவ்வளவுதான்.

கடிதம் எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார். எழுதினேன். என் கையெழுத்திலேயே அழகானது அந்தக் கடிதம்தான். பதில் இல்லை என்று இன்னொன்று எழுதினேன். அப்புறம் மூன்றாவது, நாலாவது. ஒவ்வொன்றின் காப்பியிலும் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை வாங்கிப் பத்திரப்படுத்தினேன். நாலாவது தடவை போனபோது அந்த அம்மா நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார்.

“மூஞ்சிக்கு ஆப்ஷனே வைக்கலை மேடம். மனுஷனுக்கு அது மட்டும் மாறாதுன்னு நெனச்சிருப்பாங்க.”

லாரி

ஃபுட்பாத்தைத் தோண்டிப் புதுக் கல் பதிக்கப் போகிறார்கள் என்று லாரி வந்தது. அட்டை இருப்பவர்களை எதிர்ப்பக்கம் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். இல்லாதவர்களின் வண்டியை ஏற்றினார்கள். முனியம்மாக்கா அட்டையை நீட்டினார். அதிகாரி அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். நான் முத்திரை போட்ட நாலு கடிதங்களோடு குறுக்கே போய் நின்றேன். அதிகாரி என்னையும் பார்த்தார், அட்டையையும் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. “இதுல இருக்கிறது நீங்கதானே? உங்க பேர்ல அட்டை வாங்கிட்டு, வண்டியை இந்த அம்மாவுக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கீங்களா?” என்றார். பேர் அவருடையது சார் என்றேன். அப்போ அட்டையே பொய்தானே என்றார்.

வண்டி யாருடையது என்று அவர் கடைசியாக ஒரு தடவை கேட்டார். “அவங்களோடது சார்” என்றேன். என்னுடையது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்றைக்காவது அந்த வண்டி தப்பியிருக்கும். என் முகம் அதில் இருந்தது, யாரும் மறுத்திருக்க முடியாது. அது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. ராத்திரி படுத்தபோது தோன்றியது. அன்றிலிருந்து தினமும் தோன்றுகிறது.

லாரியைப் பார்த்ததுமே வண்டியை என் ஷட்டர் வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தோம். அதற்குச் சாவி கொடுத்தது நான்தான். முனியம்மாக்கா சத்தம் போடவில்லை, யார் காலிலும் விழவில்லை. லாரியில் ஏற்றுகிற ஆளிடம் போய் நின்றார்.

“கீரைய மட்டும் எடுத்துக்கினு வுட்டுர்றேன் சார். வெயில்ல வாடிப்பூடும்.”

வரிசையில்

அதற்குப் பிறகு பல மாதம் அவர் இந்தப் பக்கம் வரவில்லை. போன் பண்ணினால் “நல்லாகீறேன்” என்பார், வைத்துவிடுவார். புதுக் கல் பதித்தார்கள். மோரிக்கும் மூடி வந்தது, இந்தத் தடவை நிஜமாகவே எங்கள் ரோட்டில். அவர் வண்டி நின்ற இடத்தில் இப்போது ஸ்கூட்டர்கள் நிற்கின்றன.

போன வாரம் தலை நிமிராமல் காப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அடுத்த கை ஒரு ஆதாரை நீட்டியது. படத்தைப் பார்த்துத்தான் ஆளைத் தெரிந்துகொண்டேன், என் பழக்கம் அப்படி. முனியம்மாக்கா. நீலக் கலரில் ஹவுஸ்கீப்பிங் கோட் போட்டிருந்தார். ஏதோ அபார்ட்மெண்டில் படிக்கட்டு துடைக்கிற வேலையாம். கேட்டில் பாஸ் கொடுக்க ஒரு காப்பி கேட்டார்களாம். நீலசந்திராவில் ஜெராக்ஸ் கடை இல்லாமலா இருக்கிறது? ஏன் இத்தனை தூரம் வந்தார் என்று நான் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள். போர்டைக் கழற்றிப் பல மாதம் ஆகிறது என்பதை மட்டும் கையால் சுவரைக் காட்டிச் சொன்னேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தவாட்டி ஒரிஜினலே கொண்டாந்துட்டேன், பாரு. திருப்பி அனுப்பிடாத கண்ணு.”

லாரி வந்த அன்று அவர் என் கவுண்டரிலேயே விட்டுப்போன அட்டை என் பிஸ்கட் டப்பாவில் வாத்தியார் மனைவியின் சான்றிதழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தப் படிக்குப் பக்கத்தில் நின்று கீரை விற்க அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கும் ஒரே முகம் என்னுடையதுதான், எனக்கோ இன்றுவரை ஒரு கட்டு சொப்பை அவிழாமல் கட்டத் தெரியாது.